குருமனையைப் பார்க்கப் போகிறோம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த ஆண்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு மேற்பிரிவுப் பிள்ளைகளைக் இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் உள்ள அல்ஃபிரிஸ்டன் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போகிறோம். அங்கே நாம் பார்க்கப் போவது கோட்டையும் அல்ல, அரண்மனையும் அல்ல. ஒரு குருமனை, அதாவது தேவாலயக் குருவுக்கென இருந்த வீடு. வைக்கோல் கூரை, ஓக் மரச்சட்டம், மண் பூசிய சுவர். “ஒரு பழைய வீட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

கக்மியர் ஆற்றங்கரையில், புனித அந்திரேயா தேவாலயத்துக்குப் பக்கத்தில், பசும்புல் வெளியின் ஓரமாக நிற்கிறது அந்தக் குருமனை. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். கெண்ட், சசெக்ஸ் பகுதிகளில் அக்காலத்தில் பரவலாக இருந்த ‘வீல்டன்’ வகை வீடு அது. நடுவில் கூரைவரை திறந்த ஒரு கூடம். இரு முனைகளிலும் மேலும் கீழுமாக அறைகள். மேல்தளம் சுவரைத் தாண்டிச் சற்று முன்னால் துருத்தி நிற்கும், கூடம் மட்டும் உள்வாங்கி இருக்கும். ஆனால் மூன்றுக்கும் கூரை ஒன்றே. அதனால் கூடத்துக்கு முன்னால் கூரை விளிம்பைத் தாங்க, வளைந்த மரக்கைகள் இரு பக்கத்திலிருந்தும் நீளும். உள்ளே நுழையுமுன் பிள்ளைகளை வெளியே நிறுத்தி, இந்த ஓர் அமைப்பை மட்டும் வரையச் சொல்லப் போகிறோம். அதை வரைந்து விட்டால் வீட்டின் முழுத் திட்டமும் கைக்கு வந்துவிடும்.

இவ்வகை வீடுகளுக்கு முதலில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுத்தரையில் தீ எரியும். புகை மேலே எழுந்து கூரை வழியாகக் கசிந்து போகும். உத்தரங்களில் படிந்த அந்தக் கரிதான் ஆய்வாளர்களுக்கு முதல் தடயம். கூரை மரம் கறுத்திருந்தால், கீழே ஒரு காலத்தில் திறந்த கூடம் இருந்தது என்று பொருள். பிற்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் கூடத்தின் குறுக்கே தளம் போட்டு அறைகளாக்கி, புகைபோக்கியும் கட்டிவிட்டார்கள். அல்ஃபிரிஸ்டனில் இன்று நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையின் உட்புறம் வரை தெரியும். அதற்காகவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

தரையைப் பற்றி உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சுண்ணக்கல்லை இடித்துத் திமிசு போட்டு, புளித்த பாலை ஊற்றி இறுக்கிய தரை அது. சுவர்கள், வரிச்சு பின்னிக் களிமண் அப்பியவை. வரிச்சு கட்டி மண் வைத்த வீட்டையும் சாணி மெழுகிய தரையையும் ஊரில் கண்டவர்கள் உங்களில் பலர். பிள்ளைகளுக்கு இதை விளக்க எங்களை விட உங்களால் முடியும்.

குருமனை என்றாலும் குருவுக்கென்று தனியான கட்டட வடிவம் எதுவும் இல்லை. ஊரில் வசதியான உழவர் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தாரோ, அப்படிப்பட்ட வீடுதான் இது. அக்காலக் குருமார் மணம் செய்யாதவர்கள். 1549இல் சட்டம் அவர்களுக்குத் திருமண அனுமதி கொடுத்தபின், இங்கிலாந்தின் குருமனைகள் குடும்ப வீடுகளாக மாறத் தொடங்கின. இந்த வீட்டிலும் பிற்காலத்தில் அறைகள் மாற்றப்பட்டன, ஒரு பகுதி திருத்திக் கட்டப்பட்டது, பிறகு அது கூலித் தொழிலாளர் குடியிருப்பாகவும் ஆனது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீடு இடிந்து விழும் நிலைக்கு வந்தது. இடித்துத் தள்ளவும் எண்ணியிருந்தார்கள். அவ்வூர்க் குரு பெய்னன் அதற்கு உடன்படவில்லை. கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் உதவியை நாடினார். 1895இல் சமூகச் சீர்திருத்தவாதி ஒக்டாவியா ஹில்லும் நண்பர்களும், பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பை நிறுவியிருந்தார்கள். அடுத்த ஆண்டே, 1896இல், அந்த அமைப்பு 10 பவுண்டுக்கு இந்த வீட்டை வாங்கியது. அவர்கள் வாங்கிய முதல் கட்டடம் இதுதான். பழுதுபார்க்கும் பணியைக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பவல் கவனித்தார். கூடத்தில் ஓர் ஓக் இலைச் செதுக்கல் உண்டு. டிரஸ்ட்டின் இலைச் சின்னம் அதிலிருந்து வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

மன்னர் வாழ்ந்த இடத்தைக் காப்பாற்ற எப்போதும் ஆள் கிடைக்கும். மண்ணும் வைக்கோலுமான வீட்டுக்காகச் சிலர் வாதாடினார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தி. நம் பிள்ளைகள் அதை அந்தக் கூடத்திலேயே நின்று கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாளும் நேரமும் இணைத்துள்ள படிவத்தில் உள்ளன. ஊருக்குள் தெரு மிகவும் ஒடுக்கம், எனவே பேருந்திலிருந்து இறங்கிச் சிறிது தூரம் நடக்க வேண்டும். நடப்பதற்கு ஏற்ற சப்பாத்து, மழை அங்கி, பென்சில், கோடில்லாத கொப்பி, மதிய உணவு ஆகியவற்றைக் கொடுத்து விடுங்கள். தூசி ஒவ்வாமையோ மூச்சிரைப்போ உள்ள பிள்ளைகள் பற்றிப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். பயணத்துக்கு முன் ஒரு மாலை, நீங்களோ உங்கள் பெற்றோரோ பிறந்த வீட்டை நினைவிலிருந்து பிள்ளையிடம் சொல்லி வரையச் செய்யுங்கள். அடுப்பு எங்கே இருந்தது, புகை எப்படிப் போனது, கூரை எதனால் வேய்ந்தது, எத்தனை ஆண்டுக்கொருமுறை மாற்றினார்கள் என்பதையெல்லாம் அந்தப் படத்திலேயே குறித்து, படிவத்தோடு வகுப்பாசிரியரிடம் அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்