அம்பாசடருக்கு அடியில் விரித்த அட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததை அறிந்து மகிழ்ந்தேன். உங்கள் 1971ஆம் ஆண்டு அம்பாசடரின் எஞ்சினை இறக்கிப் பிரித்திருப்பதாகவும், திரும்பக் கோத்த பிறகு ஒரு சொட்டு ஆயில்கூடக் கீழே விழக்கூடாது என்றும் எழுதியிருந்தீர்கள். ஆயில் கசிவை வெகுவாகக் குறைக்கலாம்; ஒரு சொட்டும் விழாது என்று மட்டும் நான் வாக்குத் தரமாட்டேன்.

சென்ற ஆண்டு நானும் இணைப்பில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கைப் புதிதாக வைத்து, கையில் இருந்த பலத்தையெல்லாம் காட்டி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை முடுக்கினேன். மறுநாள் காலையில் அடியில் விரித்திருந்த அட்டை நனைந்திருந்தது. கழற்றி விளிம்பின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு பணியாரம் போல மேலே உப்பியிருக்க, துளைகளுக்கு நடுவே வெளிச்சம் கசிந்தது. அந்த மேடுகள் பேக்கிங்கைத் துளையருகே நசுக்கும். நடுவில் தொடக்கூட விடாது. விளிம்பைக் கட்டையின் மேல் வைத்து, மேடுகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் கையால் ஏற்றி, எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினேன்.

மேனிஃபோல்டுக்கு (எரிகலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் உள்ள குழாய்த் தொகுதிக்கு) பின்னால் ஒளிந்திருக்கும் பக்கவாட்டு மூடிகள் இரண்டையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் உள்ள ஒரே போல்ட்தான் பிடித்திருக்கிறது. அதை அதிகம் முடுக்கினால் மூடி உள்வாங்கி, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். மேலே உள்ள வால்வு மூடிக்கும் இதே கதிதான்.

கசிவை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பட்டையாகப் பூசாதீர்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். பேக்கிங்கில் தடவும் ஷெல்லாக் பசை ஆனாலும் மெல்லிய பூச்சே போதும்.

வாக்குத் தராததற்குக் காரணம், எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனை. அங்கே ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே வெட்டிய மரைதான் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. எஞ்சின் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும் என்பதால், முன்பக்கம் உயர்ந்த சரிவில் வண்டியை நிறுத்தாதீர்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தப் பேக்கிங்கும் தாங்காது. என் வண்டியில் அதைக் கழற்றியபோது கரிச்சேறு விரல் நுழைய இடமில்லாமல் இறுகியிருந்தது.

என்னிடம் ஒரு செட் கார்க் பேக்கிங் உபரியாக இருக்கிறது. திங்கட்கிழமை கூரியரில் அனுப்புகிறேன். காய்ந்து சுருங்கித் துளைகள் பொருந்தாவிட்டால், இழுத்துக் கிழித்துவிடாமல் வெந்நீரில் சற்று நேரம் ஊறவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்