வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்: வாடகை வழக்குக்கும் ஒரு தீர்ப்பாயம் தாருங்கள்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மலேசியாவின் கெடா மாநிலம், பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் வீடு வாடகைக்கு விடுபவர்களில் பலர் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் ஓய்வு பெற்றவர்கள். லயத்தை, அதாவது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பை, விட்டு வெளியேறியபோது இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைப் போட்டுத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் ஒரு வீடு வாங்கியவர்கள். அந்த வாடகையில்தான் அவர்களுக்கு மருந்தும் மளிகையும் ஓடுகிறது.

எனக்கும் ஒரே ஒரு வாடகை வீடுதான். குடிவந்தவர் இரண்டு மாத டெபாசிட்டும் ஒரு மாத முன்வாடகையும் தந்தார். கொஞ்ச காலம் ஒழுங்காகவும் கட்டினார். பிறகு "அடுத்த வாரம் போட்டுடுறேண்ணே" என்றார். அதன் பிறகு போனை எடுப்பதில்லை. நேரில் போனால் போர்ச்சில் கார் நிற்கிறது, உள்ளே டிவி சத்தம் கேட்கிறது, கேட் கம்பியில் தண்ணீர் பில்லும் கரண்ட் பில்லும் செருகியபடியே இருக்கின்றன. இரண்டும் என் பெயரில் வருபவை. போலீசில் சொன்னால், "இது சிவில் கேஸ், நாங்கள் தலையிட முடியாது" என்கிறார்கள்.

ஊரில் எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: கரண்டை வெட்டு, பூட்டை மாற்று, சாமானைத் தூக்கி வெளியே வை. அதை நான் செய்ய மாட்டேன். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்று 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 7(2) பிரிவு சொல்கிறது. அது நியாயமான சட்டம். வேலை போனால் லயத்து வீடும் போகும், தோட்டத்து நிர்வாகியான துரை சொன்னால் சட்டி பானையோடு வெளியே நிற்க வேண்டும் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே காரியத்தை இன்னொரு குடும்பத்துக்கு என் கையால் செய்வேனா? அந்த வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் சட்டப்படி போகிறவனுக்கு வழி எங்கே? சுங்கை பட்டாணிக்குப் போய் வக்கீல் வைத்து, நோட்டீஸ் அனுப்பி, வழக்குப் போட்டு, உத்தரவு வாங்கி, அதை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான பெய்லிஃப் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வக்கீல் செலவு வாடகைப் பாக்கியைத் தாண்டிவிடும். வக்கீல் இல்லாமலே போகக்கூடிய சிறு கோரிக்கை வழக்கு 5,000 ரிங்கிட் வரைதான். அதிலும் பணத்தைத்தான் கேட்கலாம், வீட்டை மீட்க முடியாது. 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தில் 12 மாதம் வரையிலான பாக்கிக்குச் சாமான்களைப் பறிமுதல் செய்ய வழி உண்டு. உடுதுணியையும் படுக்கையையும் தொடக் கூடாது என்று அதே சட்டம் சொல்வது சரிதான். மிச்சமிருக்கும் பழைய டிவியை விற்றால் என்ன தேறும்? கெடு முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டை வாடகை கேட்கலாம் என்கிறது 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம். ஒற்றை வாடகையே தராதவரிடம் அதை எப்படி வாங்குவது?

வீடு வாங்குவோருக்கும் வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளருக்கும் இடையிலான வழக்குக்கு 2002 முதல் உங்கள் அமைச்சின் கீழேயே ஒரு தீர்ப்பாயம் நடக்கிறது. சாதாரண மனிதர் வக்கீல் இல்லாமல் அங்கே போய் நின்று பேசலாம். வாடகை வழக்குக்கும் அப்படி ஒன்று தாருங்கள். பாக்கியோடு வீட்டை ஒப்படைப்பதற்கும் கெடு வைத்து உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இருக்க வேண்டும். உண்மையிலேயே வேலை இழந்து தவிக்கும் குடும்பத்துக்குத் தவணையும் அவகாசமும் அங்கேயே கொடுக்கட்டும். அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

டெபாசிட்டை உரிமையாளர் கையில் விடாமல் பொதுவான ஓர் இடத்தில் வைக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். சுவரில் ஆணி அடித்தாய், பெயின்ட் உரிந்துவிட்டது என்று சொல்லி முழு டெபாசிட்டையும் விழுங்கும் உரிமையாளர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏமாந்தவர்களும் நம் ஜனங்கள்தான்.

குடியிருப்பு வாடகைச் சட்டம் வரும் என்று 2018 நவம்பரில், 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவித்தார்கள். எத்தனையோ அமைச்சர்கள் மாறிவிட்டார்கள், சட்டம் வந்தபாடில்லை. மசோதாவை எப்போது நாடாளுமன்றத்தில் வைப்பீர்கள் என்று தேதி சொல்லுங்கள். வரைவைத் தமிழிலும் வெளியிடுங்கள். கருத்துக் கேட்கும் கூட்டத்தைக் கோலாலம்பூரோடு நிறுத்தாமல் பீடோங் மாதிரி சிற்றூர்களிலும் நடத்துங்கள். வாடகைக்கு விட்டவர்களும் இருப்பவர்களும் சேர்ந்தே வருகிறோம்.

இப்படிக்கு,
பீடோங்கில் ஒரு வீட்டு உரிமையாளர்