டர்பன் தோட்டத்துக்கு ஆடிப்பட்டம் உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வீட்டுத் தோட்டத்துக்கு வரவழைப்பது குறித்துத் தங்கள் தோட்டப் பக்கத்தில் வெளியான கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து படித்தேன். நோக்கம் நல்லது. ஆனால் அதில் சொன்னபடி ஆடிப்பட்டம் பார்த்து விதைக்கவும், வேலியோரம் உண்ணிச்செடி வைக்கவும் இங்குள்ள தமிழர் யாரேனும் முனைந்தால், விதை வறண்ட குளிர்காலத்தில் கிடந்து வீணாகும். உண்ணிச்செடியோ சட்டத்தின் பிடியில் கொண்டுபோய் நிறுத்தும். இங்கே மழை ஏறத்தாழ ஐப்பசியில் தொடங்கிப் பங்குனி வரை பெய்கிறது. மரக்கன்று நட அதுவே காலம்.

தென்னாப்பிரிக்காவில் 2004ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், பரவித் தொல்லை தரும் அயல் செடிகளின் பட்டியலில் உண்ணிச்செடியை நிலத்துக்குரியவர் கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டியதாகச் சேர்த்துள்ளன. வீட்டை விற்பவர், பட்டியலில் உள்ள செடி ஏதும் தம் நிலத்தில் இருந்தால் வாங்குபவருக்கு அதை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டும். சிரிங்கா என்று இங்கே எல்லோரும் அழைக்கும் மலைவேம்பும் பட்டியலில் இருக்கிறது. நகர்ப்புறத்தில் ஏற்கெனவே நிற்கும் மரத்தை வைத்துக்கொள்ளலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக்குப் பதிலாகச் சிரிங்காக் கொத்தைச் செருகிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருப்பதால், இதைச் சொன்னால் சிலருக்கு மனத்தாங்கல் வரும் என்பதை அறிவேன். இருந்தாலும் அதன் பழங்களைப் பறவைகள் தின்று ஓடைக்கரையெங்கும் பரப்புவதையும், அங்கே உள்ளூர் மரம் முளைக்க இடமில்லாமல் போவதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அதற்காக நம் கண்ணுக்குப் பழகிய செடிகளை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, ஏனெனில் அவற்றின் உறவுகள் இந்த மண்ணிலேயே வளர்கின்றன. களாக்காய்க்கு நெருங்கிய உறவான அமத்துங்குலு, டர்பன் கடற்கரையோரத்துக்கே உரிய முட்புதர். அதை வேலியாக வளர்த்தால் ஆள் நுழைய முடியாது, மணமுள்ள வெள்ளைப் பூவை நாடி இரவில் விட்டில்கள் வரும், சிவந்த பழத்தை நாம் ஜாம் காய்ச்சியது போகப் பறவைகளும் தின்னும். கல்யாண முருங்கையின் இனமான உம்சின்சி, மற்ற மரங்களில் பூவே இல்லாத குளிர்காலக் கடைசியில் இலையுதிர்ந்த கிளையெல்லாம் சிவப்பாகப் பூத்து, கழுத்தில் ஊதா மினுங்கும் கருநிறத் தேன்சிட்டுகளுக்கு உணவளிக்கிறது. அதற்கும் முன்னால், ஜூன் ஜூலையில், மலைக்கற்றாழை பூத்துவிடும். நிழலான பக்கத்துச் சுவரோரம் கற்பூரவள்ளிக்கு உறவான பிளெக்ட்ராந்தஸ் வகைகளை வைக்கலாம். அவற்றின் குழல் போன்ற ஊதாப் பூக்களில் தேனெடுக்கவென்றே நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட ஈ வகை ஒன்று இப்பகுதியில் இருக்கிறது.

பூவை மட்டும் பேசி நிறுத்திவிடுவது தங்கள் கட்டுரையின் பெரிய குறை. வண்ணத்துப்பூச்சிக்குத் தேனைவிட முக்கியம், அதன் புழு தின்னும் இலை. நம் வீட்டு எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழு, சில நாளில் பச்சையாகித் தடிக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கவட்டைக் கொம்பை நீட்டி ஒரு நெடியைக் கிளப்பும். பார்த்தவுடன் மருந்தடிப்பதே வழக்கம். அதுதான் சிட்ரஸ் சுவாலோடெயில் என்னும் கறுப்பு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகிறது. எலுமிச்சைக் கன்று மொட்டையாகிவிடும் என்று அஞ்சுவோர், கறிவேப்பிலைக் குடும்பத்தைச் சேர்ந்த உம்நுகம்பிபா மரத்தை, நாற்றங்காலில் ஹார்ஸ்வுட் என்று கேட்டு, பின்கட்டில் நட்டுப் புழுக்களை அதற்கு மாற்றிவிடலாம். கசக்கினால் அதன் இலையும் கடுமையாக மணக்கும்.

வாசல் துளசியின் கதிர்களைக் கிள்ளாமல் ஒரு பகுதியையேனும் பூக்க விடுங்கள்; தேனீக்கள் அதை மொய்ப்பதைக் காணலாம். செம்பருத்தியிலும் சாமந்தியிலும் அடுக்குப் பூவைவிட ஒற்றைப் பூவே பூச்சிகளுக்குப் பயன், ஏனெனில் அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களும், அடுக்குச் சாமந்தியில் நடுவிலுள்ள சிறு பூக்களும் இதழ்களாக மாறிவிடுகின்றன. காய்ந்த கட்டை ஒன்றிரண்டு மூலையில் கிடந்தால், பூசணிப் பூவிலும் அவரைப் பூவிலும் அமரும் பெரிய கருவண்டு எனப்படும் தச்சுத் தேனீ அதில் துளையிட்டுக் குடும்பம் நடத்தும். அந்தக் கட்டையைக் குப்பை என்று எறிபவரிடம் வாதாடுவதுதான் என் வீட்டில் எனக்கு முழுநேர வேலை.

நத்தை மருந்தை அறவே தவிர்க்க வேண்டும். விஷம் தின்ற நத்தையைத் தின்னும் பறவைக்கும் அது விஷமே. விடியுமுன் கூரைமேல் கத்தி எழுப்பும் ஹடேடா என்னும் அரிவாள்மூக்கன் பறவையை யாரும் விரும்புவதில்லை என்றாலும், புல்தரையின் புழுக்களைக் காசில்லாமல் பொறுக்கித் தருவதும் அதுதான். முற்றம் முழுவதும் சிமெண்டு பூசுவது நான் வசிக்கும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பெருகி வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மண்சரிவைக் கண்டு அஞ்சிப் பூசியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாகனம் நிறுத்தும் இடம் போக, சுவரோரம் இரண்டடி மண்ணையாவது விட்டுவைத்திருக்கலாம்.

சிறு முற்றத்தில் உம்சின்சி போன்ற மரத்துக்கு இடமிருக்காது, ஆனால் நம் கோயில் வளாகங்களில் இருக்கிறது. நிர்வாகக் குழுக்கள் நிழலுக்கென அயல் மரம் தேடாமல் இம்மரங்களை நடலாம். தைப்பூசம் இங்கே மழைக்காலத்தில் வருவதால் அன்றே கன்றுகளை வழங்கவும் செய்யலாம். சாட்ஸ்வொர்த்தின் சில்வர்கிளென் இயற்கைக் காப்பகத்தில் உள்ளூர் மூலிகைகளுக்கென்றே ஒரு நாற்றங்கால் இருப்பதால், எந்த மரம் எங்கே வேர்பிடிக்கும் என்று கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தாங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தோட்டப் பக்கத்தில் மாதவாரியாக நடவுக் குறிப்பு வெளியிடும்போது, பூமியின் தென்பாதியில் வாழும் வாசகர்களுக்கென ஒரு பத்தியைத் தனியே ஒதுக்குங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்