நுரை வந்தால்தான் அழுக்குப் போகுமா?

ஆசிரியருக்கு,

கோத்தகிரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் துணி துவைப்பவர்களுக்குத் தெரியும், பார் சோப்பு லேசில் கரையாது. போன மாதம் கேனிலிருந்து அளந்து ஊற்றும் லிக்விட் வாங்கினேன். நுரையே இல்லை, ஏமாந்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் காலர் அழுக்குப் போயிருந்தது! 'நான்-அயானிக்' (non-ionic) சரக்கு என்றார் கடைக்காரர். அதாவது, அழுக்கை நீக்கும் பொருளில் மின்னூட்டம் இல்லாத வகை. அதனால் உப்புத் தண்ணீரிலும் திரியாது. க்ரீமில் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் வைக்கும் பாலிசார்பேட்டும் இதே இனம்தான்.

சரி, கேனில் லேபிள் எங்கே? இந்த இனத்திலேயே உள்ள நோனைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற ரசாயனம் சிதைந்தால் மீன்களின் ஹார்மோனைக் குழப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2003-லேயே அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. எங்கள் ஓடைத் தண்ணீர் கடைசியில் பவானிக்குத்தான் போகிறது. சில்லறையில் விற்கும் கேனிலும் உள்ளே இருப்பதைத் தமிழில் எழுதி ஒட்ட அதிகாரிகள் உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகி, கோத்தகிரி