நிரல் எங்கே நிற்கிறது?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே மகள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்துவிட்டாள்.

நீ பிஹெச்பி மொழியில் எழுதும் நிரல் உலாவியில் ஓடுகிறது, இரவில் க்ரான் (குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கருவி) ஓட்டும்போது மட்டும் கோப்பைக் காணோம் என்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வேதனை எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு கடைக்கு இருப்புக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். மூன்று இரவுகள் பிழைச் செய்தி எதுவுமின்றி ஓடியது. கணக்குக் கோப்பைத்தான் காணவில்லை. நான்காம் நாள் வேறு எதையோ தேடப்போனபோது, சர்வரில் என் ஹோம் கோப்புறையில், அதாவது என் பயனர் கணக்குக்கு உரிய கோப்புறையில், அது கிடந்தது. மூன்று நாள் கணக்கும் வரி பிசகாமல் இருந்தது. நான் கோப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அது எந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும் என்று காட்டும் பாதையை எழுதாமல் விட்டிருந்தேன்.

கோப்பைத் திறக்கும்போது பாதை இல்லாத பெயரை, நிரல் இருக்கும் இடத்திலிருந்து பிஹெச்பி தேடுவதில்லை. அந்த நேரத்தில் அது நிற்கும் கோப்புறையிலிருந்தே தேடுகிறது. வலைப்பக்கமாக ஓடும்போது பெரும்பாலும் நிரலின் கோப்புறையிலேயே நிற்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கட்டளை வரியில் ஓட்டினால் நாம் அழைத்த இடத்தையே தான் நிற்கும் கோப்புறையாக வைத்துக்கொள்ளும். க்ரான் அழைப்பதோ ஹோம் கோப்புறையிலிருந்து. இன்னொரு நிரல் கோப்பைச் சேர்க்கும் 'இன்க்ளூட்' வரியில் புள்ளியும் சாய்கோடும் போட்டுத் தொடங்கும் பாதைக்கும் இதே கணக்குதான்.

முதல் வரியிலேயே, நிற்கும் கோப்புறையை மாற்றும் 'சிஎச்டிர்' கட்டளையைப் போட்டு நிரலின் கோப்புறைக்கு மாறிவிடலாம். அதற்கு பிஹெச்பி 5.3 பதிப்பிலிருந்து, இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட 'டிர்' என்ற மாறிலி இருக்கிறது; நிரல் கோப்பு இருக்கும் கோப்புறையின் முழுப் பாதையை அது தரும். ஆனால் 'சிஎச்டிர்' தோற்றுப்போனால் ஓர் எச்சரிக்கையோடு 'ஃபால்ஸ்' (நடக்கவில்லை) என்று மட்டும் திருப்பித் தரும், நிரல் நிற்காமல் தொடர்ந்து ஓடும். அடுத்த வரி பழைய கோப்புகளை அழிக்கிற வரியாக இருந்தால், அது எந்தக் கோப்புறையில் கை வைக்கும் என்று நினைத்துப் பார். எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். அந்த விடையைச் சோதிக்காமல் ஒருபோதும் மேலே போகாதே.

இன்னொன்று, நிரலின் ஒரு செயல்கூறுக்குள் (ஃபங்ஷன்) இடம் மாறினால், அந்த மாற்றம் அதோடு முடிவதில்லை. உள்ளே எங்கோ இடம் மாறிவிட்டுத் திரும்ப மறந்தால், பிறகு வரும் ஒவ்வொரு பாதையும் தடுமாறும். மாறியே ஆகவேண்டுமானால் முதலில், இப்போது நிற்கும் கோப்புறையைச் சொல்லும் 'கெட்சிடபிள்யூடி' தரும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அங்கேயே திரும்பிவிடு. என்னைக் கேட்டால், இடம் மாறவே வேண்டாம். எல்லாப் பாதையையும் அந்த மாறிலியோடு சேர்த்து முழுமையாக எழுதிவிடு. நான் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

இன்று இரவு, நிரலின் தொடக்கத்தில் 'கெட்சிடபிள்யூடி' சொல்வதைப் பதிவுக் கோப்பில் எழுத ஒரு வரி சேர்த்துவிட்டுப் படு. அந்தப் பதிவுக் கோப்புக்கும் முழுப் பாதை கொடு. காலையில் அதில் என்ன இருந்தது என்று எனக்கு எழுது.

என்றும் உன் நண்பன்