பூக்காரம்மாவுக்குத் தெரிந்தது

அன்புள்ள பாண்டியா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. முழங்கால் வலிக்கு நீ சொன்ன எண்ணெயின் பெயரைக் குறித்துக்கொண்டேன். வாங்க மாட்டேன் என்பது உனக்கும் தெரியும். திருநகரில் எல்லோரும் நலம். எனக்கு இன்னொரு பல் போயிற்று. மற்றபடி புதுச் செய்தி ஒன்றுதான்: என் பேத்தி கதை எழுதுகிறாள்.

அடுத்தவர் படைத்த பாத்திரங்களின் மேல் உள்ள ஆசையில், அவர்களை வைத்துத் தாமே கதை எழுதுவதை ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறார்கள். இவள் லண்டன் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை மதுரைக்கே கூட்டிவந்துவிட்டாள். மாசி வீதியில் ஒரு வட்டிக்கடைக்காரர் இறந்து கிடக்கிறார். பக்கத்தில் மல்லிகைச் சரம். இரவு எட்டு மணி. ஹோம்ஸ் குனிந்து பார்த்து, ‘மொட்டு இப்போதுதான் விரிகிறது, ஆகவே இது இன்று காலையில் பறித்த பூ’ என்கிறார். இன்ஸ்பெக்டர் வாயைப் பிளக்கிறார். ஹோம்ஸின் நண்பர் வாட்சனும் பிளக்கிறார். விசாரணைக்கு அழைத்து வந்த பூக்காரம்மாவும் பிளக்கிறார்!

பாண்டியா, காலையில் மொட்டாகப் பறித்தது பொழுது சாய்ந்தபின் மலரும் என்பதைச் சொல்ல மதுரைக்கு லண்டனிலிருந்து ஆள் வர வேண்டுமா? சடை பின்னிக்கொள்ளும் சிறுமிக்கே தெரியுமே. சொன்னேன். “ஹோம்ஸ் புத்திசாலி என்று காட்ட வேண்டாமா தாத்தா?” என்றாள். காட்டத்தான் வேண்டும். அதற்காகச் சுற்றி நிற்கிற மூன்று பேரின் மூளையைக் கழற்றி வைத்தால், அவர் உயர்ந்ததாக ஆகுமா? தரையைத்தானே தாழ்த்தியிருக்கிறாள்.

பாவம், வாட்சனுக்கு இது புதிதல்ல. ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலின் வாட்சன் மருத்துவம் படித்தவர், ஆப்கன் போரில் குண்டடி பட்ட ராணுவ டாக்டர். நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும் உள்ள ஹோம்ஸ் வரிசையில் நான்கு சிறுகதைகள் போக மீதியெல்லாம் அவர் வாயால் வருபவை. அத்தனையையும் கட்டுக்கோப்பாகச் சொல்லத் தெரிந்தவர் அசடாக இருப்பாரா? 1939 முதல் வந்த படங்களில் நைஜல் புரூஸ் அவரைத் தடுமாறும் கிழவராக நடித்தார். அந்த முகம் ஒட்டிக்கொண்டது.

டாயில் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. போலீஸ்காரர்களைப் பல இடங்களில் மட்டம் தட்டியிருக்கிறார். ஆனால் 1908இல் வந்த ஒரு கதையில் பேன்ஸ் என்று ஒரு கிராமப்புற இன்ஸ்பெக்டர். தப்பான ஆளைக் கைது செய்கிறார். ஹோம்ஸ் எச்சரிக்கிறார், அவர் கேட்பதாக இல்லை. கடைசியில்தான் தெரிகிறது: உண்மைக் குற்றவாளி அசட்டையாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்த கைது. ஹோம்ஸ் மனதாரப் பாராட்டுகிறார். அந்த இடத்தில் எனக்கு ஹோம்ஸை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போகிறது.

இதைச் சொல்லிப் பேத்தியைத் திருத்தச் சொன்னேன். அடுத்த பிரதியில் பூக்காரம்மா அப்படியே ஹோம்ஸ்போலப் பேசினார்! ‘ஆகவே’, ‘எனவே’, ‘இதிலிருந்து அறியலாம்’. தலையில் அடித்துக்கொண்டேன். புத்திசாலி என்றால் ஒரே அச்சுதானா?

மறுநாள் விடியற்காலையில் அவளை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அழைத்துப்போனேன். பனி, கூட்டம், முழங்கால். சரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், கீழே கிடக்கும் சரத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும் என்று கேட்டாள். அவர் நிமிரவே இல்லை. “நாரைப் பார்த்தால் யார் கட்டியது என்று சொல்லிவிடுவேன். என் முடிச்சு வேறு, இவள் முடிச்சு வேறு. அதுவும் தை மாதத்தில் பூ விற்கிற விலைக்கு, பேரம் பேசாமல் நான்கு முழம் வாங்கினவன் முகம் மறக்குமா?” பேத்தி அங்கேயே நோட்டை எடுத்துவிட்டாள். ஹோம்ஸ் ஏழு கடல் தாண்டி வந்தாலும் அந்த முடிச்சை அவரால் படிக்க முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். கதை அங்கே உயிர் பெற்றுவிட்டது.

இத்தனையும் எழுதுவதற்குக் காரணம் வேறு. 1974 கல்லூரி விழாவில் நாம் போட்ட சிலம்பு நாடகம். அதுவும் ஃபேன் ஃபிக்‌ஷன்தானே? கண்ணகி ஓங்கி நிற்க வேண்டும் என்று உன்னை முழு மூடனாக எழுதினேன். கொட்டாவி விடும் பாண்டியன். கூட்டம் சிரித்தது, உனக்கு இந்தப் பெயரும் நிலைத்தது. போன வாரம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை மறுபடி எடுத்துப் படித்தேன். விசாரிக்காமல் கொல்லச் சொன்னது அவன் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்னதும், ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்று சொல்லி, சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைக்கிறவன் யார்? அவனே. தன்னைக் கவிழ்க்கும் சான்றைத் தானே எடுத்துக் கொடுக்கிறான். பரல் தெறித்த கணத்தில் எல்லாம் புரிந்துகொள்கிறான். தீர்ப்பையும் தானே சொல்லிக்கொண்டு விழுகிறான். அவனுக்குப் புரியாமல் இருந்திருந்தால் கண்ணகிக்கு அங்கே என்ன வெற்றி? இதை நான் இருபது வயதில் பார்க்கவில்லை. கைதட்டல்தான் கண்ணில் இருந்தது. உனக்கு நல்ல வசனம் ஒன்றுகூடத் தரவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறாயா? அழகர் ஆற்றில் இறங்குவதை மாடியிலிருந்து பார்க்க, வடகரையில் மைத்துனர் வீட்டில் இடம் இருக்கிறது, படிதான் கொஞ்சம் அதிகம். நம் நாடகத்தின் பாண்டியன் காட்சியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. கொட்டாவியை எடுத்துவிட்டேன். பேத்திதான், பழைய கொட்டாவியை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள்.

உன் பழைய வசனகர்த்தா