தொலைவில் தேட வேண்டாம்: மும்பை நண்பருக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

இங்கு அனைவரும் நலம். உமது நலமும், தங்கச்சி மற்றும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். ஐப்பசியில் பிடித்த மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்து குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சூழ்ந்து வடிந்தும் விட்டது. மகளுக்கு நாகர்கோவிலுக்கு மாற்றலாகிவிட்டது. வாரக் கடைசியில் வந்து போகிறாள். மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். உம் தம்பியின் குடியைப் பற்றி நீர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே கிடக்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர். எனக்குத் தெரிந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பிக்கான சிகிச்சை, அவன் குடியிருக்கும் முக்கூடலில் காலையில் பஸ் ஏறிச் சாயங்காலம் வீடு திரும்பக்கூடிய தூரத்தில்தான் நடக்க வேண்டும். "ஊருக்குத் தெரியாமல் கோயம்புத்தூர்ப் பக்கம் எங்காவது சேர்த்துவிட்டால் மானம் மிஞ்சும்" என்று எழுதியிருந்தீர். உமது வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் முக்கூடலில் அவன் குடிப்பது யாருக்குத் தெரியாது? சிகிச்சைக்குப் போவதை மட்டும் மறைப்பதால் என்ன மிஞ்சும்? குடிநோய், சர்க்கரையைப் போலவும் ரத்தக் கொதிப்பைப் போலவும் ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் நோய். படுக்கையில் வைத்துப் பார்ப்பது அதன் முதல் சில நாட்கள் மட்டுமே; அதற்குப் பிறகு மாதந்தோறும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், இடையில் ஒரு நாள் சறுக்கினால் மறுநாளே ஓடிப்போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும், தம்பி மனைவியும் அங்கே உட்கார்ந்து பேச வேண்டும். பீடி சுற்றி வீட்டை ஓட்டுகிற பெண், கோயம்புத்தூருக்கு எத்தனை தடவை போய்வர முடியும்? கடை இல்லாத ஊருக்கு அனுப்பினால் மறந்துவிடுவான் என்பதும் சரியாக வராது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அவன் திரும்பி வந்து நிற்கப்போவது அதே தெருவில், அதே கடைக்குப் போகும் வழியில்தான். அந்தத் தெருவில் இருந்துகொண்டே குடிக்காமல் இருக்கப் பழகுவதுதான் சிகிச்சை.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் தானாகவே நிறுத்திவிடுவான் என்று வீட்டில் எண்ணுவதாக எழுதியிருந்தீர். தயவுசெய்து அதற்கு முன் அவனை மருத்துவரிடம் காட்டச் சொல்லும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, முந்தின இரவே வாங்கி ஒளித்து வைத்திருக்கும் கட்டிங்கைப் போட்டால்தான் டீ கிளாஸைப் பிடிக்க முடிகிறது என்றால், உடம்பு அந்தச் சாராயத்தை நம்பியே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். சிலருக்கு இரண்டு நாளைக்குள் வலிப்பு வரும். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றும் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றும் பிதற்றுவார்கள். இதைப் பேய் பிடித்தது என்றோ சாமி குத்தம் என்றோ நினைத்துக் கோயில் கோயிலாகத் தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பங்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். மருந்தில்லாமல் விட்டால் இதில் உயிரே போய்விடும். மாலை போடுவதை நான் தடுக்கவில்லை. விரதத்தைப் பிடித்துக்கொண்டு குடியிலிருந்து கரையேறியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். முதலில் மருத்துவம், நடுக்கம் தணிந்த பிறகு மாலை. இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது.

இன்னொன்று. வாந்தியும் அசதியுமாக இருந்தால், பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவது நம் பக்கத்து வழக்கம். நெடுநாள் குடிப்பவர்களின் உடம்பில் தயாமின் எனப்படும் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மூளை பாதிக்கப்பட்டு, பார்வையும் நடையும் நினைவும் தடுமாறும் ஆபத்து உண்டு. ஆகவே, முக்கூடலிலேயே இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கு வயிற்றுவலி என்று போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, "இவர் தினமும் குடிப்பவர்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லும். வெட்கப்பட்டு மறைப்பதில்தான் பாதி விபத்துகள் நடக்கின்றன.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர். என் முதல் பதில், ஹைகிரவுண்டில் இருக்கும் நம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். அங்குள்ள மனநலப் பிரிவில் குடிநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் கட்டணமில்லாமல் சிகிச்சை தருகிறார்கள். மனநலப் பிரிவு என்றதும் தம்பி முறுக்கிக்கொள்வான். பைத்தியக்காரர்கள் போகும் இடம் என்று சொல்வான். குடிநோயைப் பார்க்கப் படித்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அங்கே நடப்பதை உமக்குச் சொன்னால் பயம் தெளியும். காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டு உள்ளே போனதும், மருத்துவர் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார். விரல் நுனிகளில் ஓடும் நடுக்கத்தையும், நெற்றி வியர்வையையும், நாக்கையும் பார்ப்பார். கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தது, ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேட்பார். வசை இருக்காது, புத்திமதி இருக்காது. வலிப்பு வந்த வரலாறு இருந்தாலோ நடுக்கம் கடுமையாக இருந்தாலோ, உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். குளோர்டையாசிபாக்சைடு, லோராசிபாம் போன்ற மாத்திரைகளை முதலில் கூட்டிக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் எந்த மாத்திரை என்பது மாறும். அதனால் ரத்தப் பரிசோதனைக்குத் தயங்க வேண்டாம். இந்த மாத்திரைகளை மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. இவையே ஒரு பழக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

ஹைகிரவுண்டுக்கு வர அவன் ஒரேயடியாக மறுத்தால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருகிறார்கள். பக்கத்தில் எந்தக் கிழமை என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். நீர் மும்பையில் இருந்துகொண்டே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 14446 என்பது போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண். 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமனஸ் என்னும் மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அண்ணன் என்ற முறையில் நீரே பேசலாம். தம்பி விரக்தியில் ஏதேனும் செய்துகொள்வேன் என்று பேசினால், அதைக் குடிகாரன் பேச்சு என்று தள்ளாமல் உடனே அழையும், பக்கத்தில் ஆளும் இருக்கட்டும்.

தனியார் மறுவாழ்வு மையங்களில் நல்லவை இல்லாமல் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துச் சிகிச்சை தரும் முறையைத் தமிழ்நாட்டில் நிலைநிறுத்தியது. ஆனால் சுவரொட்டியைப் பார்த்து, போனில் பேசி, "ராத்திரி ஆளை அனுப்புகிறோம், நீங்கள் கதவைத் திறந்துவிட்டால் போதும்" என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. எனக்கு வேண்டிய ஒருவரின் மகனை அப்படித்தான் கையைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் பெற்றவர்களைப் பார்க்கவிடவில்லை. அடியும் பூட்டும் தவிர வேறு வைத்தியம் நடக்கவில்லை. வெளியே வந்த அன்றே அவன் குடித்தான். அதைவிடக் கொடுமை, அதன் பிறகு வீட்டில் யார் சொல்லையும் அவன் நம்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் தீயில் வெந்ததை நாம் இருவரும் செய்தித்தாளில் படித்துத் திகைத்திருக்கிறோம். அதில் 28 பேர் இறந்தார்கள். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே, எந்த மையமாக இருந்தாலும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற சான்றிதழைக் காட்டச் சொல்லும். மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் செவிலியர் இருக்கிறாரா, வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று கேளும். சேர்ப்பதற்கு முன் படுக்கும் அறையை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் இடத்தில் தம்பியை விடாதீர். தன் நிலையைப் புரிந்து முடிவெடுக்கக்கூடிய மனிதரை அவர் சம்மதத்தோடு சேர்ப்பதுதான் முறை. சம்மதிக்க வைப்பதற்கு நாள் பிடித்தாலும் அந்த நாட்கள் வீண் அல்ல.

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் பொடியைப் பற்றி உம் தம்பி மனைவி விசாரித்தாராமே, அதைக் கண்டிப்பாகத் தடுத்துவிடும். அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது; டைசல்பிராம் இருந்துவிட்டால் பெரிய ஆபத்து. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால், சாராயம் பாதியில் நஞ்சாகவே தங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு வரக்கூடும். அதே டைசல்பிராம், நோயாளி அறிந்து ஒப்புக்கொண்டு, மருத்துவர் சோதித்துக் கொடுக்கும்போது நல்ல துணை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைப்பார். கணவர் அவர் எதிரிலேயே விழுங்கிவிட்டு, சமையலறைக் கதவில் தொங்கும் தினசரிக் காலண்டரில் தாமே பேனாவால் ஒரு கோடு போடுவார். வீட்டில் சந்தேகமும் சண்டையும் குறைந்ததற்கு அந்தக் கோடு ஒரு காரணம். குடிக்கும் ஆவலைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உள்ளன. தம்பிக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மருந்தோடு கூட, ஏ.ஏ. என்று சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் அவன் போக வேண்டும் என்பது என் விருப்பம். 1935-இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள விரும்பிய இருவர் தொடங்கியது. கட்டணம் கிடையாது, சாதி மதம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. நம் தென்மாவட்டங்களிலும் கூட்டங்கள் நடக்கின்றன. நாம் சொன்னால் உபதேசமாகப் படுவது, குடித்து மீண்ட ஒருவர் சொல்லும்போது காதில் ஏறுகிறது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியே ஒன்று உண்டு.

உம் அக்கா பேரன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறான் என்றும், ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வழக்கு வரும் என்று அக்கா பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர். போதைப் பொருளைப் பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்குத் தொடராமல் பாதுகாப்பு தரும் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அவனையும் தாமதிக்காமல் அழைத்து வரச் சொல்லும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனையும் சேர்த்துச் செய்துவிடலாம். சில காலம் நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே மறுபடி ஏற்றினால் உடம்பு தாங்காமல் மூச்சு நின்றுவிடும் என்பதை அவனுக்கு யாராவது நேராகச் சொல்ல வேண்டும்.

தம்பி ஒரு முறை நிறுத்திவிட்டு மறுபடி குடித்தால் மனம் உடைந்துபோகாதீர். பலருக்கு அப்படி நேர்கிறது. அந்த வாரமே திரும்ப அழைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் பக்கத்து இடம் என்று இவ்வளவு சொல்கிறேன்.

தம்பி மனைவியிடம் என் போன் எண்ணைக் கொடும். முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னால், காலையில் ஹைகிரவுண்ட் ஓ.பி. வாசலில் நான் நிற்கிறேன். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வரட்டும். தம்பியை அன்று காலை திட்டாமல், சாப்பிட வைத்து, கூட ஓர் ஆண்துணையோடு அழைத்து வரட்டும். அன்று வழியில் நடுக்கம் தாங்காமல் சிறிது குடித்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லும்.

அன்புடன்,
உம் பழைய நண்பன்